எதிர்வீட்டு மூன்று பூட்டு

காலை ஆறே முக்காலுக்கு எதிர்வீட்டில் மூன்று பூட்டும் திறக்கும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே காலடியில் ஒன்று. லிஃப்ட் பழுதுபார்க்கிற அந்த வீட்டுக்காரர், லிஃப்ட்காரர் என்றே வைத்துக்கொள்வோம், வேலைப் பையோடு வெளியே வருவார், கதவு மூடும், உள்ளேயிருந்து அவர் மனைவி மூன்றையும் திரும்பப் போடுவாள். அவர் நின்று மூன்று சத்தத்தையும் எண்ணுவார். கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு திரும்பி என் கதவை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன அவர் வீட்டுச் சொத்தையா எழுதிக் கேட்டேன்?

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் வீட்டிலேயே இருந்து துணி ஆல்டர் செய்கிறவள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது. கட்டடத்தில் ஆறு மாடி, எல்லா வீட்டுத் துணியும் என்னிடம் வரும். உள்ளறையில் காற்று இல்லை, அதனால் மெஷினை வாசல் கதவை ஒட்டிப் போட்டிருக்கிறேன். கதவில் ஆள் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. நடையில் சத்தம் கேட்டால் கால் பெடலை விட்டு எழுந்துவிடும், கண் கண்ணாடிக்குப் போய்விடும். பொய் சொல்வானேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவர்கள் குடிவந்த புதிதில் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். யாரிடமும் ஒரு வணக்கம் கிடையாது, கதவில் பெயர் கிடையாது, தோளில் கனமான பை, மூன்று பூட்டு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இந்த ஆள் எங்கேயோ கன்னம் வைத்துவிட்டு வந்தவர் என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியையும் மகளையும் அடைத்து வைத்திருக்கிறாரோ என்றுகூட ஒரு நாள் கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தாயும் மகளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி ஒரு மதியம் என் கதவைத் தட்டினாள். கையில் மகளுடைய பள்ளிப் பாவாடை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, மளமளவென்று வளர்கிறது, அதனால் பெரிதாகவே வாங்கியிருந்தாள். ஐந்து இஞ்ச் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, நான் இங்க வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் என்ன தொற்றுநோயா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் அவருடைய கதையைச் சொன்னாள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம். லிஃப்டுக்குக் கீழே இருக்கிற குழிக்குள் இறங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. கூடவே பத்து வருஷம் வேலை செய்தவனிடம்கூடக் கொடுக்கக்கூடாது. இவரோடு வேலை பார்த்த ஒருவர், "அணைச்சாச்சு, இறங்கு" என்று மேலேயிருந்து யாரோ சொன்னதை நம்பி இறங்கினார். லிஃப்ட் இறங்கிவிட்டது. அவர் ஒரு காலோடு ஊர் திரும்பினார். அன்றைக்கு அவரை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து இவர் யார் சொல்லையும் நம்புவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். அது எப்போது போகுமோ என்ற பயம் வேறு. அதனால் வீட்டுக்கும் சட்டம் போட்டார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கக்கூடாது. எந்தத் தாளிலும் மனைவி கையெழுத்துப் போடக்கூடாது. மின்சாரம், தண்ணீர், வாடகை எதிலும் அவள் பெயர் வரக்கூடாது. மகளுடைய பள்ளியில் வீட்டு விலாசத்துக்குப் பதிலாகத் தன் கம்பெனி விலாசத்தைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் யார் வந்து தன் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். இதைத் தாய்க்கும் மகளுக்கும் பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தாராம்.

அவள் அதற்கப்புறம் நான்கு வருஷம் என்னிடம் வந்தாள், எல்லாம் அவர் வேலைக்குப் போன நேரத்தில். பிள்ளை வளர வளரப் பாவாடை மடிப்பை இறக்கினேன். அவருடைய வேலைக் கால்சட்டைகளையும் கொண்டுவருவாள். மண்டிபோட்டு வேலை செய்கிற மனுஷன், முட்டியில் துணி நிற்காது. உள்ளே பட்டைத் துணி கொடுத்து, வெளியே தெரியாத மாதிரி தைத்துக் கொடுப்பேன். யார் தைத்தது என்று அவர் கேட்டால் தான்தான் தைத்ததாகச் சொல்வாளாம். அவருடைய இடுப்பு முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்த கதை அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மகளுக்குப் பதினேழு முடிந்து சில மாதத்தில் அவர் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, எல்லோரும் பி.ஆர். என்று சொல்கிறார்களே அதற்கு, விண்ணப்பம் போட்டார். அவசரத்துக்குக் காரணம் மகள்தான். பதினெட்டு முடிவதற்குள் உத்தரவு வந்தால் பிள்ளை என்ற கணக்கில் அவளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். பதினெட்டு ஆகிவிட்டால் அவள் தனி ஆள். சொந்தமாக ஒரு பெர்மிட் இல்லாவிட்டால் ஊருக்குத் தனியாகப் போக வேண்டியதுதான். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. அவளுக்கு அந்த ஊரே சரியாக நினைவில்லை என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள்.

ஏஜென்ட் வேண்டாம், அவன் தாளை மாற்றிவிடுவான் என்றார். தானே எழுதினார். ஜெராக்ஸ் கடையில் மெஷினை ஒட்டி நின்று, சரியாக விழாத தாளையும் வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனியில் கொடுத்த சான்றுக் கடிதத்தை, சூப்பர்வைசர் வேண்டாதவர் என்று சொல்லி, வரிக்கு வரி விரல் வைத்து ஏழு தடவை படித்தார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்ததாக அவள் சொன்னாள். ஒரு பிழையும் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு என்மேல்தான் கண். எதிர்வீட்டுத் தையல்காரி பி.ஆர். ஆபீஸ்காரர்களுக்கு உளவு சொல்கிறவளாக இருப்பாளோ, எப்போது பார்த்தாலும் கதவுக்குப் பின்னால் நிழல் ஆடுகிறதே என்று மனைவியிடம் கேட்டாராம். அவள் என்னிடம் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டியில் என் தையலைப் போட்டுக்கொண்டு என்னையே சந்தேகப்படுகிற ஆளை என்ன செய்வது?

விண்ணப்பம் போட்டு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடையில் புதிய காலடி கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு ஆணும் ஒரு பெண்ணும், கையில் ஃபைல், கழுத்தில் அட்டை. எதிர்க்கதவைத் தட்டி லிஃப்ட்காரரின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். உள்ளேயிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை. அவர்கள் இன்னொரு முறை கேட்டார்கள். அவளும் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகவே, அதையே சொன்னாள்.

அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு என் கதவுக்கு வந்து தட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைத் திறக்காமல் அப்படியே நின்றேன். எனக்கு இங்கே பி.ஆர். கிடைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் கழுத்தில் அட்டை போட்ட ஆளைப் பார்த்தால் பயம் இன்னும் வரத்தான் செய்கிறது. யாருக்கோ ஏதோ சொல்லி வம்பில் மாட்டுவானேன் என்று நினைத்தேன். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்தவரைச் சந்தேகப் பிராணி என்று பேசிய வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டுக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு மாலை என் கதவு அதிர்ந்தது. திறந்தால் லிஃப்ட்காரர். நான்கு வருஷத்தில் முதல் முறையாக என் வாசலில் நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது, கையில் கடிதம்.

"நேர்ல வந்து பார்த்தாங்களாம். நான் அந்த வீட்லயே இல்லைன்னு ஒரு பொம்பளை சொன்னாங்களாம். அது நீங்கதானே?"

"தம்பி, அவங்க தட்டினப்ப நான் கதவையே திறக்கலை."

"திறக்காமலே அவங்க வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நன்றாக மாட்டிக்கொண்டேன். பின்னால் அவருடைய மனைவி வந்து நின்றாள். அவர் கண்ணெதிரே அவள் என் வாசலுக்கு வந்ததும் அதுதான் முதல் முறை.

"அவங்களை ஏன் கேக்குறீங்க? சொன்னது நான்."

அவர் திரும்பினார்.

"பேர் சொல்லி யார் கேட்டாலும் அப்படி யாரும் இல்லைன்னு சொல்லணும்னு நாலு வருஷமா சொல்லிக் குடுத்தீங்க. தப்பில்லாம சொல்லிட்டேன். ரெண்டு தடவை கேட்டாங்க, ரெண்டு தடவையும் சொன்னேன்."

மகள் கதவுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் முப்பத்தாறு நாள்தான் இருக்கு" என்றாள். அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

கடிதத்தில் பதினான்கு நாள் கெடு. குடும்பமாக ஒரே விலாசத்தில் வாழ்வதற்கு ஆதாரம் வேண்டும். மனைவி பெயரிலும் மகள் பெயரிலும் அந்த வீட்டுக்கு வந்த தாள் ஏதாவது காட்ட வேண்டும். எங்கே இருக்கிறது? அவர்தான் ஒரு சுவடு விடாமல் துடைத்து வைத்திருக்கிறாரே. பள்ளியில் கேட்டால் கம்பெனி விலாசம். மின்சார பில்லில் அவர் பெயர் மட்டும். நாலு வருஷமாகத் திருடனுக்குப் பூட்டிய பூட்டில் வீட்டுக்காரரே மாட்டிக்கொண்டார். தாள் இல்லாவிட்டால், நிரந்தரமாக வசிக்கிறவர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்லலாம் என்று கடைசி வரியில் இருந்தது. அவருக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு மனுஷரையும் தெரியாது.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே, இவளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டாராம். அடுத்த நாள் காலை மூன்று பேரும் வந்தார்கள். அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. கண் என் மெஷின், அலமாரி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் போய்வந்தது.

"நீங்க எதுக்கு இதைச் செய்றீங்க?"

"அன்னைக்கு என் கதவையும் தட்டினாங்க, தம்பி. நான் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பயந்துக்கிட்டு நின்னுட்டேன். அதான்."

நல்ல மனசு, அக்கம்பக்கம், அது இது என்று நான் சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். பயம் என்றதும் நம்பிவிட்டார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

நான் என் அளவு நோட்டை எடுத்தேன். கட்டடத்தில் இத்தனை வீட்டுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கு யார் யார் என்றே நினைவிருக்காது. அதனால் தேதி, கதவு எண், துணி, அளவு, இவ்வளவுதான் எழுதுவேன். கூடவே துணியில் வெட்டிய நுனி ஒன்றைக் குண்டூசியால் குத்திவைப்பேன், நூல் நிறம் பார்ப்பதற்கு. பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். 407, மகள் பாவாடை, ஐந்து இஞ்ச் மடிப்பு. 407, மகள் பாவாடை, ஒரு இஞ்ச் இறக்கம். 407, வீட்டுக்காரர் கால்சட்டை, முட்டி, இரண்டு. நான்கு வருஷத்துக்கும் அப்படியே இருந்தது.

அவர் முதலில் பாவாடையைப் படித்தார். பிறகு கால்சட்டைக்கு வந்தார். குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். கால்சட்டையை மேலே சுருட்டி உள்பக்கத்தைத் திருப்பினார். நோட்டில் குத்தியிருந்த சாம்பல் துணி அங்கே பட்டையாக இருந்தது.

"இது நீ தச்சதுன்னு சொன்னியே?"

"எனக்கு ஊசியில நூல் கோர்க்கவே வராது" என்றாள் அவள். "இத்தனை வருஷமா கூட இருக்கீங்க, இது தெரியாதா உங்களுக்கு?"

மகள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. முட்டித் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கட்டைவிரலால் இழுத்தும் பார்த்தார். பிரியவில்லை.

ஆபீஸில் ஒரு சின்ன அறை, மேஜை, நான்கு நாற்காலி. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். என்னிடம் கேள்வி கேட்டது அன்றைக்கு வந்து தட்டிய அதே அம்மாள்தான். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். நான்கு என்றேன். அப்படியானால் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்றார்.

நான்கு வருஷமாக அவள் எனக்கு 407, நான் அவளுக்கு அக்கா. பெயர் கேட்கத் தோன்றவே இல்லை. மகளை நான் பாப்பா என்றே கூப்பிட்டு வந்தேன். தெரியாது என்று சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். காசு கொடுத்துக் கூட்டிவந்த சாட்சி என்று அவர் முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது. என்னுடைய இந்த வாயாலா அந்தப் பிள்ளை தனியாகப் போகப்போகிறது என்று எனக்கு அழுகையே வந்தது.

நோட்டை மேஜைமேல் வைத்தேன். பெயர் தெரியாதம்மா, கதவு எண்தான் தெரியும், அதைத்தான் எழுதுவேன் என்றேன். அவர் தன் ஃபைலில் இருந்த விலாசத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். இரண்டிலும் 407. ஆனாலும் அவருக்குத் தீரவில்லை. நேற்று உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நோட்டை எழுதலாம்மா. இதை எழுத முடியாது" என்று சொல்லிப் பையில் கொண்டுவந்திருந்த பாப்பாவின் பள்ளிப் பாவாடையை எடுத்தேன்.

கீழ்ஓரத்தைத் தையல் பிரித்து விரித்துக் காட்டினேன். நீலத்துணி. வருஷா வருஷம் ஒவ்வொரு இஞ்சாக இறக்கியதில் பட்டை பட்டையாக நிறம் மாறியிருந்தது. முதல் வருஷத்திலிருந்து வெயில் பட்டது நன்றாக வெளுத்திருந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அழுத்தம். கடைசியாக உள்ளே மடிந்திருந்த இரண்டு இஞ்ச் கடையில் வாங்கியபடியே இருந்தது. பட்டைக்கு ஒன்றாக, என் நோட்டுத் தேதிகளையும் காட்டினேன். அந்த அம்மாள் என்னிடம் டேப்பை வாங்கித் தானே அளந்தார். ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு. நோட்டில் இருந்ததும் அதுவே. பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கும் ஒரு மகள் இருப்பதாக மட்டும் சொன்னார்.

அடுத்து அன்றைக்கு நான் கதவைத் திறக்காதது ஏன் என்று கேட்டார். பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளிடம் பெயரைக் கேட்டேன். சொன்னாள். நல்ல பெயர். இங்கே எழுதமாட்டேன், அவள் வீட்டுக்காரர் படித்தால் வம்பு.

பதினெட்டுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது, மூன்று பேருக்கும். அவர் அதை நம்பவில்லை. கடிதத்தில் இருந்த நம்பருக்குப் பேசாமல், வேறு இடத்தில் நம்பர் தேடி எடுத்துப் பேசினார். அவர்கள் ஆமாம் என்றார்கள். மறுபடியும் பேசினார். பிறகு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மகளும் மனைவியும் அழுது முடித்து, சிரித்து முடித்து, அக்கடா என்று உட்கார்ந்த பிறகுதான் அவர் அழுதாராம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாராம். எனக்கும் நடை தாண்டிக் கேட்டது, சுவர் மெல்லிசு.

இப்போதும் காலை ஆறே முக்காலுக்கு மூன்று பூட்டும் திறக்கிறது, மூன்றும் விழுகிறது. அவர் எண்ணுகிறார், இழுத்துப் பார்க்கிறார். மாறவில்லை, மாறவும் மாட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினார். கையில் ஒரு தடித்த கவர். ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்து, அதற்கு மேல் டேப்பு, டேப்புக்கு மேல் இன்னொரு கையெழுத்து.

"என்ன தம்பி இது?"

"சாவி. மூணு பூட்டுக்கும் ஒண்ணு ஒண்ணு. நான் வேலைக்குப் போயிருக்கும்போது இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." ஒட்டிய இடத்தை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். "அவசரம்னா மட்டும் பிரிங்க" என்றார்.

பத்து வருஷம் கூட வேலை செய்தவனிடம்கூடச் சாவியைக் கொடுக்காத மனுஷன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சரி என்று தலையை ஆட்டினேன்.

இப்போது வாராவாரம் கால்சட்டையை அவரே கொண்டுவருகிறார். நான் அளவு எடுக்கும்போது அவர் கண் மெதுவாக அலமாரிப் பக்கம் போகும். கவர் மேல்தட்டில் இருக்கிறது. ஒட்டிய இடம் அவருக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.